பரிசுத்தம் என்ற பெயரில் தீட்டு

யார் குருவாகலாம்?

கடந்த ஐம்பது ஆண்டுகளாக உலகத் திருச்சபைகளைப் பிளந்துகொண்டிருக்கும் கேள்வி இது. தன்பாலீர்ப்புள்ள ஒருவர் பீடத்தில் நின்று அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கலாமா? தன் இணையரோடு வாழும் ஒரு பெண் பேராயர் ஆகலாமா? இந்தத் தகராறில் அமெரிக்காவின் ஐக்கிய மெத்தடிஸ்ட் சபையிலிருந்து 2019க்கும் 2023க்கும் இடையில் மட்டும் 7,600க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சபைகள் வெளியேறின. வெளியேறியவர்கள் காரணமாகச் சொன்ன சொற்களில் முதன்மையானது பரிசுத்தம்.

சாதி ஒழிப்பு பேசும் நமக்கு இந்தச் சண்டை எதற்கு என்று தோழர்கள் கேட்பதுண்டு. நம்மூரில் கல்லறைச் சுவரே இன்னும் முழுதாக இடியவில்லை, வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சண்டையை நாம் ஏன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டு மிஷன் ஆவணங்களைச் சில ஆண்டுகளாகப் படித்துவரும் ஆய்வாளன் என்ற முறையில், எனக்கு இது வேறு வீட்டுச் சண்டையாகத் தெரியவில்லை. குருத்துவத்தின் வாசலில் பரிசுத்தம் என்ற சொல் செய்யும் வேலைக்கு நம் மண்ணில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் தீட்டு.

1704ஆம் ஆண்டு புதுச்சேரிக்குப் போவோம். திருத்தந்தையின் தூதராக வந்திருந்த தூர்னோன் என்பவர் ஓர் ஆணை பிறப்பித்தார். தமிழகத்தில் இயேசு சபைக் குருக்கள் அனுமதித்துவந்த சில வழக்கங்களை அது தடை செய்தது. அதிலுள்ள மூன்று செய்திகளை மட்டும் இங்கே சொல்கிறேன். ஞானஸ்நானத்தின்போது குரு தன் உமிழ்நீரைத் தொட்டு வைக்கும் சடங்கை விட்டுவிடக்கூடாது. மாதவிலக்கில் இருக்கும் பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கி வைக்கக்கூடாது. நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் போய் அவர்களுக்குத் திருவருட்சாதனங்களைக் கொடுக்க மறுக்கக்கூடாது.

தடை போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தன என்று பொருள். எச்சில், பெண்ணின் குருதி, சேரி ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். மேல்சாதிக் கிறித்தவர் அருவருப்பார், விலகிப் போய்விடுவார் என்பதே மிஷனரிகள் சொன்ன காரணம். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஒரு சமரசத்தை ஏற்றார். பறையர்களுக்கென்று தனியாகச் சில மிஷனரிகளை ஒதுக்கிவிடலாம் என்பதே அந்தச் சமரசம். சேரிக்குள் கால் வைத்த குருவின் உடல் அக்கிரகாரத்துக்கும் வெள்ளாளர் தெருவுக்கும் ஆகாது என்ற கணக்கைத் திருச்சபை அதிகாரபூர்வமாகவே ஏற்றுக்கொண்டது.

இது கத்தோலிக்கரோடு நின்றுவிடவில்லை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1733இல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. சீர்திருத்தச் சபை வரலாற்றில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதல்முறை. ஆரோன் வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக இருந்தவர் ராஜநாயக்கன். அவர் பறையர். தஞ்சை அரசரின் படையில் வீரராக இருந்தவர், தமிழ் வேதாகமத்தைப் படித்து இந்த வழிக்கு வந்தவர். அவருடைய உழைப்பையும் பக்தியையும் மிஷனரிகள் தங்கள் அறிக்கைகளில் மனமாரப் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனாலும் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறித்தவர் தயங்குவர், அதனால் நற்கருணையின் மீதே மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். இறுதிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

ராஜநாயக்கன் செய்த தவறு என்று அந்த ஆவணங்களில் எதுவும் இல்லை. அவருடைய நடத்தை குறையற்றது என்பதை விலக்கியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். விலக்கப்பட்டது அவருடைய உடல்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு என்பதால் ஒதுக்கித் தள்ள முடியாது. சாதி பிறப்பால் வருவது, பாலியல் என்பதோ நடத்தை. பிறப்பைக் காட்டி ஒருவரை விலக்குவது அநீதி. நடத்தையைக் காட்டி விலக்குவது ஒழுக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே என்பார்கள். சாதியை மனதார வெறுக்கும் ஆயர்கள் சிலரே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, சோதித்துப் பார்ப்போம். விலக்கு நடத்தைக்குத்தான் என்றால், அந்த நடத்தை இல்லாத இடத்தில் விலக்கும் இருக்கக்கூடாது அல்லவா?

இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்கள் 1991இல் பாலியல் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். உண்மையும் உறுதியும் கொண்ட தன்பாலின உறவில் வாழும் சபை மக்களை விலக்க வேண்டாம் என்றது அறிக்கை. குருக்களுக்கு மட்டும் அந்த உறவு ஆகாது, அவர்கள் துறவு காக்க வேண்டும் என்றது. 2003இல் ரெடிங் நகரின் பேராயராக ஜெஃப்ரி ஜான் அறிவிக்கப்பட்டார். அவர் தன்பாலீர்ப்பாளர், நீண்டகாலத் துணை உள்ளவர். அந்த உறவில் தாம் துறவு காப்பதாக வெளிப்படையாகச் சொன்னவர். அதாவது 1991 அறிக்கை கேட்டதை அப்படியே கடைப்பிடித்தவர். ஆனாலும் எதிர்ப்புக் கிளம்பியது. சில வாரங்களில் அவர் விலக வைக்கப்பட்டார்.

லத்தீன் மரபுக் கத்தோலிக்கத் திருச்சபையில் குருக்கள் பொதுவாக மணமுடிக்காமல் வாழ வேண்டியவர்களே. எனவே ஒருவருடைய ஈர்ப்பு யார் மேல் என்பது நடைமுறையில் பொருட்டாகவே இருக்கக்கூடாது. ஆனால் 2005இல் வாடிகன் வெளியிட்ட அறிவுறுத்தல், ஆழமாக வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக்கூடாது என்கிறது. செயலைப் பற்றி அல்ல, இயல்பைப் பற்றியே பேசுகிறது. இருவரும் ஒரே வாக்குறுதியைக் கொடுக்கிறார்கள், ஒரே துறவை வாழ்கிறார்கள். ஒருவருக்குக் கதவு திறக்கிறது, மற்றவருக்கு மூடுகிறது.

ஆக, நடத்தை என்று சொல்லித் தொடங்கிய விசாரணை, நடத்தையில் குற்றம் காண முடியாதபோது உடலுக்குள் போய்த் தேடுகிறது. ராஜநாயக்கனுக்கு நடந்ததும் இதுதான். தமிழ் மண்ணில் இதற்குப் பெயர் தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

உடலை அளந்து குருத்துவம் கொடுக்கும் பழக்கம் நீண்ட வரலாறு உடையது. 1555இல் மெக்சிகோவில் கூடிய திருச்சபைச் சங்கம், அந்நாட்டுப் பூர்வகுடிகளுக்கும் கலப்பினத்தவருக்கும் ஆப்பிரிக்க வழிவந்தோருக்கும் குருப்பட்டம் கூடாது என்றது. 1917இல் தொகுக்கப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில்கூட, திருமண உறவுக்கு வெளியே பிறந்ததும் சிலவகை உடற்குறைகளும் குருத்துவத்துக்குத் தடைகள். 1983 தொகுப்பில்தான் இவை நீங்கின. அதே தொகுப்பு, ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டுமே குருவாகலாம் என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டது. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. முதல் பெண் பேராயரைப் பார்க்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பொதுவான பாவம் எதுவும் இல்லை. வேறு தோல், வேறு பிறப்பு, குறையுள்ள கால், கருப்பை, வேறு ஈர்ப்பு. ஒவ்வொரு காலத்திலும் ஓர் உடலைக் காட்டி, இது தொட்டால் பீடம் கெட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். காலம் மாறியதும் அந்த உடலை உள்ளே விட்டுவிட்டு, அடுத்த உடலைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

உடலைக் காவல் காப்பதில் இவ்வளவு கவனமாக இருந்த வாசல், உண்மையான குற்றத்தைத் தடுத்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்கப் பேராயர்களே கேட்டு வாங்கிய ஜான் ஜே கல்லூரியின் 2004 ஆய்வில், 1950 முதல் 2002 வரை சிறார் மீதான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுக்கு உள்ளான குருக்கள் 4,392 பேர். பிரான்சில் 2021இல் ஒரு சுயேச்சை ஆணையம், எழுபது ஆண்டுகளில் குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் சுமார் 2,16,000 பேர் என மதிப்பிட்டது. அமெரிக்காவில் இந்தக் குற்றங்கள் வெடித்து வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்தான் 2005 அறிவுறுத்தல் வந்தது. மறைத்த பேராயர்களின் அதிகாரம் கேள்விக்குள்ளாக வேண்டிய நேரத்தில், பழி தன்பாலீர்ப்புள்ளவர்கள் மேல் திரும்பியது. அதே ஜான் ஜே கல்லூரி 2011இல் வெளியிட்ட தொடர் ஆய்வு, தன்பாலீர்ப்பு இந்தக் குற்றங்களுக்குக் காரணமல்ல என்றது. அதற்குள் பழி ஊன்றிவிட்டது.

தீட்டு என்ற கருத்து எப்போதும் இப்படித்தான் இயங்குகிறது. வன்முறை செய்தவர் சடங்குக்குப் பிறகு சுத்தமாகிவிடுவார். எந்த வன்முறையும் செய்யாதவர் பிறந்ததற்காகவே அசுத்தமாக இருப்பார்.

இனி வேதத்துக்கு வருவோம். இந்த விவாதத்தில் வேதத்தை மேற்கோள் காட்டாதவர் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு ஒரு தரிசனம் காண்கிறார். உண்ணத் தகாதவை என்று விலக்கப்பட்ட விலங்குகளை அடித்துச் சாப்பிடச் சொல்லி ஒரு குரல் கேட்கிறது. பேதுரு மறுக்கிறார். தேவன் சுத்தமாக்கியதை அப்படி எண்ணக்கூடாது என்று குரல் கண்டிக்கிறது. உடனே யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் அவர் போக வேண்டியிருக்கிறது. எந்த மனிதரையும் அப்படி அழைக்கக்கூடாது என்று தான் கற்றுக்கொண்டதாக அங்கே பேதுரு சொல்கிறார். நம் பாட்டிமார் வாசித்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த இடங்களில் பயன்படுத்தும் சொல் தீட்டு. மொழிபெயர்த்தவர்கள் இந்த ஊரை அறிந்தே அந்தச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும். இரண்டு அதிகாரங்களுக்கு முன், எத்தியோப்பியாவின் அண்ணகர் ஒருவர் வழியோரத் தண்ணீரைக் காட்டி, தான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று கேட்கிறார். உபாகமத்தின்படி தடை இருந்தது. அவருடைய உடலே தடை. பிலிப்பு அதைச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இறங்கினார்.

இந்தக் கதைகள் உறுப்பினராவது பற்றியவை, குருத்துவம் பற்றியவை அல்ல என்பார்கள். அதற்கும் திருச்சபையிடமே பதில் உண்டு. ரோமப் பேரரசின் கொடுமைக்கு அஞ்சி வேதப் பிரதிகளைக் காட்டிக்கொடுத்த குருக்களின் கையால் பெற்ற சாதனங்கள் செல்லுமா என்று 4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கச் சபை உடைந்தது. செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள். செல்லும் என்றார் அகுஸ்தீன். அருள் கொடுப்பது கிறிஸ்து, குருவின் தகுதி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது அவர் வாதம். திருச்சபை அவர் பக்கம் நின்றது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 26ஆவது விதியும் இதையே சொல்கிறது.

துரோகம் செய்த கைபட்டும் கெடாத அப்பம், பறையர் கைபட்டால் எப்படிக் கெடும்? மாதவிலக்கான பெண்ணின் கைபட்டால் எப்படிக் கெடும்? ஓர் ஆணை நேசித்த ஆணின் கைபட்டால் மட்டும் எப்படிக் கெடும்? அகுஸ்தீனை ஏற்றுக்கொண்டவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் குருவுக்குத் தகுதி எதுவும் வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும். அதே 26ஆவது விதி, தீய குருக்களை விசாரித்து நீக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரம் கண்காணிக்கான தகுதிகளைப் பட்டியலிடுகிறது. ஒரே மனைவியை உடையவர் என்பது அதில் ஒன்று. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பிரசங்கங்கள் நடந்துவிட்டன. அடிக்கிறவராக இருக்கக்கூடாது, பண ஆசை உள்ளவராக இருக்கக்கூடாது என்பவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. பண ஆசையை முன்னிட்டு எந்தச் சபை உலகளவில் இரண்டாக உடைந்தது? தமிழ்நாட்டின் திருமண்டலத் தேர்தல்களும் சொத்துத் தகராறுகளும், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றமே நிர்வாகிகளாக நியமிக்கும் அளவுக்குப் போயிருக்கின்றன. அங்கே பரிசுத்தம் குறித்த கேள்வியை யாரும் எழுப்பக் காணோம்.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் நமக்கு உதவுகிறார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அவர் காட்டினார். யார் யாரோடு சேரலாம் என்பதைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அந்தக் கட்டுப்பாட்டின் கருவிகள். மனைவியை இழந்த ஆண் மேல் சுமத்தப்படும் துறவையும் அவர் அதே கணக்கில் ஆராய்கிறார். பாலியல் ஒழுக்கம் என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டதில் எவ்வளவு சாதிக் காவல் என்பதை அந்த இளைஞர் அன்றே பார்த்துவிட்டார்.

அந்தக் கண்ணோடு நம் சபைகளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களைப் புரட்டுங்கள். சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. உடையார், ஆர்.சி. வன்னியர். ஞானஸ்நானத் தண்ணீர் கழுவாத சாதி அங்கே அச்சில் நிற்கிறது. அந்த மணங்களை ஆசீர்வதிப்பவர் குரு. அதே வலைக்குள் தன் மகனுக்குப் பெண் தேடுகிறவரும் பல இடங்களில் குருவே. குருத்துவத்துக்குப் பாலியல் நடத்தை ஒரு தகுதி என்றால், நம் மண்ணில் முதலில் விசாரிக்க வேண்டிய பாலியல் நடத்தை அகமணம். எந்தத் தேர்வுக் குழுவும் இதைக் கேட்டதாக நான் அறியவில்லை.

கள ஆய்வின்போது இறையியல் படிக்கும் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தலித். தன்பாலீர்ப்பாளர் என்பதை மிகச் சிலரிடம் மட்டுமே சொல்லியிருந்தார். தன்னை எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பதாகச் சொன்னார். ஊரில் எந்தத் தெரு என்பது ஒன்று. எப்போது கல்யாணம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல இயக்கம் கற்றுக்கொடுத்துவிட்டது, இரண்டாவதற்கு அங்கேயும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்றார். சாதி முதலில், மற்றது பிறகு என்று நாம் வரிசை போடும்போது, ஒரே உடலில் இரண்டையும் சுமப்பவரிடம் பாதி உடலை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான பிரச்சினை என்பதும் நிற்காது. இறக்குமதியானது தடைதான். ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, தன்பாலின உறவைக் குற்றமாக்கி 2018 செப்டம்பர் வரை இங்கே உட்கார்ந்திருந்தது. ஐக்கிய மெத்தடிஸ்ட் சபை தன் நாற்பதாண்டுத் தடையை 2024 மே மாதம் 692க்கு 51 என்ற வாக்கில் நீக்கியது. வரவேற்கலாம். ஆனால் அவர்கள் நமக்கு வழி காட்ட வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தீட்டை எதிர்த்துப் போராடிய அனுபவம் அவர்களைவிட நமக்கு அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். திருச்சபை மீதான இந்த விமர்சனத்தைச் சங்பரிவாரம் பொறுக்கிக்கொண்டு போகப் பார்க்கும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டித் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறவர்கள், தலித் கிறித்தவர்களுக்காகக் கண்ணீர் விடுவார்கள். அவர்களுக்கு நம் பதில் ஒன்றுதான். இது பேதுருவின் தரிசனத்தை நம்பி வந்தவர்கள் தங்களுக்குக் கொடுத்த வாக்கைக் கேட்கும் கணக்கு. தீட்டைக் கருவறையில் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் பங்கில்லை.

சபைக்குள் இருக்கும் இளைய தோழர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. குருசேகரக் கூட்டத்தில், இறையியல் கல்லூரியில், இளையோர் அமைப்பில் உங்களுக்கு இருக்கும் இடத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். குருத்துவத்துக்கு விண்ணப்பிப்போரிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் வெளியிடச் சொல்லுங்கள். யாரையாவது அடித்திருக்கிறாரா, தன் அதிகாரத்துக்குக் கீழே இருப்பவரைப் பாலியல்ரீதியாகப் பயன்படுத்தியிருக்கிறாரா, சபைப் பணத்துக்குக் கணக்குக் கொடுத்தாரா, தன் சாதிக்கு வெளியே தன் வீட்டில் மணம் நடக்கச் சம்மதிப்பாரா என்பவை அதில் இருக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். எந்தத் தெருவில் பிறந்தார், யாரை நேசிக்கிறார் என்பவை அதில் இருக்கக்கூடாது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது பீடத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ராஜநாயக்கன் தேறியிருப்பார்.